ஸ்வாதி வாய் திறந்த சந்து

மைசூரில் உங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது யார் என்று மாதேவியைக் கேட்டால், "எம்பொண்ணுதானுங்க. ஊமையாட்டம் இருந்து பார்த்துக் குடுத்தா" என்பாள். கேட்டவர்கள் விளங்காமல் விழிப்பார்கள். அதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் அதை வெறும் சிரிப்புக் கதையாகச் சொல்ல அவளுக்கு வாய்க்கவில்லை.

மாதேவி கர்நாடக எல்லையோர ஹனூர்ப் பக்கத்துக்காரி. மஞ்சளும் சோளமும் போடுகிற குடும்பம். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம். கொள்ளேகாலில் விடுதியில் தங்கி பி.ஏ. முடித்தாள், அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். படித்து என்ன தெரிந்துகொண்டாய் என்று ஊரில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. அவளேதான் அடிக்கடி தன்னைக் கேட்டுக்கொள்வாள். பதில் சரியாக வந்ததில்லை.

கணவர் நஞ்சுண்டசாமி வங்கியில் குமாஸ்தா. தொண்ணூற்றைந்தில் அவரை மைசூருக்கு மாற்றினார்கள். அவர் மண்டி மொகல்லாவில் வங்கிக்காரர்கள் சிலரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டார். மாதேவி, ஐந்து வயது ஸ்வாதியையும் பேச்சு வராத கைக்குழந்தை மதனையும் வைத்துக்கொண்டு ஹனூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். அடுத்த ஜூனில் ஸ்வாதியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அதற்குள் மைசூரில் ஒரு வீடு கிடைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல, "குடும்பத்தோடு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். அதனால் ஞாயிறு தவறாமல் மாதேவி பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஸ்வாதிக்குக் கனகாம்பரம் வைத்து, முதல் பஸ்ஸில் கிளம்பினாள்.

வீடு பார்ப்பதில் இரண்டு பேருக்கும் இரண்டு கண். நஞ்சுண்டசாமி தொட்டியைத் தட்டிப் பார்ப்பார், குழாயைத் திருகிப் பார்ப்பார், கூரையில் ஈரம் தெரிகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். மாதேவி வீட்டுக்குள் நுழையும் முன்பே தெருவில் இருக்கும் கொடிக்கயிறுகளைப் பார்த்துவிடுவாள். குழந்தைத் துணி காய்கிறதா? காய்ந்தால் நல்ல தெரு. இந்தக் கணக்கை அவள் கணவரிடம் சொன்னதில்லை. பி.ஏ. படித்தவள் கொடியைப் பார்த்துத் தெருவை எடைபோடுகிறாள் என்றால் சிரிப்பாரோ என்று ஒரு கூச்சம்.

அவர்களுக்குள் உண்மையான வழக்கு வேறு. வங்கி நண்பர் ஒருவர், தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கிற ஒரு பேட்டையைச் சொன்னார். மாதேவிக்கு அங்கே போக ஆசை. நஞ்சுண்டசாமி தலையை ஆட்டிவிட்டார்.

"கூட்டமா இருந்தாத்தான் புள்ள கண்ணுல படும். தனியா, ஒருத்தருக்கும் தெரியாம இருந்தா ஒரு தொல்லையும் இல்ல."

"ஒருத்தருக்கும் தெரியாம எதுக்குங்க ஊருக்குள்ள இருக்கறது?"

"உங்க பெரியப்பன் கதைய மறந்துட்டியா?"

அவள் பெரியப்பா தொட்டையன் கதையை அவர்கள் வீட்டில் யாரும் மறக்க முடியாது. தொண்ணூற்றொன்றில் காவிரித் தகராறு கிளம்பித் தமிழர்களைத் தேடி அடித்த குளிர்காலத்தில், மஞ்சள் மூட்டைகளோடு மைசூர் வந்தவர் மாட்டிக்கொண்டார். கன்னடம் தெரியும், ஆனால் இரண்டாவது வார்த்தையிலேயே தமிழ் வாசனை அடித்துவிடும். மனிதர் யோசித்தார். வாயை மூடிக்கொண்டார். வீடு போய்ச் சேரும் வரை ஊமை. கையை ஆட்டியே சோறு வாங்கித் தின்றார், கையை ஆட்டியே லாரி பிடித்தார். பாதி வழியில் லாரி டிரைவர், "பாவம், பிறவியிலேயே இப்படியா?" என்று கேட்க, "ஆமா" என்று சொல்ல வாயெடுத்து, அதை அப்படியே இருமலாக்கிவிட்டாராம்.

பெரியப்பா அதை நடித்துக் காட்டும்போது வீடே உருண்டு சிரிக்கும். ஸ்வாதிக்கு அந்த இருமல் இடம் உயிர். "இன்னொருக்கா இருமு தாத்தா" என்பாள். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன கிடந்தது என்பதை மட்டும் யாரும் எடுத்துப் பேசியதில்லை.

பெரியப்பாவின் வித்தை ஸ்வாதிக்கு வந்து சேர்ந்தது, மைசூர் இட்டிகேகூட்டில் பார்த்த ஒரு வீட்டால். அங்கே எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எப்போது குடி வருகிறீர்கள் என்று கேட்கிற அளவுக்கு வீட்டுக்காரர் வந்துவிட்டார். அப்போது ஸ்வாதி, "அம்மா, இந்த வூட்டு நாய் கடிக்குமா? நா கல்லெடுத்தா ஓடுமா? ஓடலைன்னா?" என்று தமிழில் அடுக்கினாள். வீட்டுக்காரர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. தம்பியைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார். அதன் பிறகு பதிலே வரவில்லை. தமிழ்தான் காரணமா, நாய்க்குக் கல் எடுப்பேன் என்றது காரணமா, நிஜமாகவே அவருக்கு ஒரு தம்பி இருந்தாரா, மாதேவிக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த ஞாயிறு அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நஞ்சுண்டசாமி மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"இத பாரு சாமி. இன்னிக்கி நீ தொட்டையன் தாத்தா. வூடு பாத்து முடிக்கிற வரைக்கும் வெளிய ஒரு வார்த்தை பேசப்படாது. யாரு கேட்டாலும், என்ன கேட்டாலும். பேசாம இருந்தா சாயங்காலம் பஸ் ஏறறப்ப தேங்காய் மிட்டாய்."

"தம்பி?"

"தம்பிக்குத்தான் இன்னம் பேச்சே வரலியே."

"அப்ப அவனுக்கு மிட்டாய் கெடையாது" என்றாள் ஸ்வாதி. அதுதான் அன்றைக்கு அவள் கடைசியாகப் பேசியது.

"ஏனுங்க, புள்ள வாயக் கட்டிப் போட்டு வூடு புடிச்சா, அப்பறம் அந்த வூட்டுல எப்பிடிங்க குடியிருக்கறது?" என்று மாதேவி கேட்டாள்.

"ஒரு மாசத்துல கன்னடம் பழகிக்குவா. அப்பறம் நமக்கே பாடம் எடுப்பா. மொதல்ல உள்ள நொழையணுமா வேண்டாமா?"

வாரா வாரம் அந்த மிட்டாயை வாங்கிக் கொடுத்தது மாதேவியேதான்.

இப்படி நாலைந்து வாரம் ஓடியது. மே மாதக் கடைசி. அன்று காலையில் அவர்கள் விஜயநகரில் ஒரு வீடு பார்த்தார்கள். புது லேஅவுட். அகலமான தெரு, வரிசையாக இரும்பு கேட், உறை போட்ட கார்கள். வீடும் அழகு. சமையலறையில் கிழக்கு வெளிச்சம் விழுந்தது. நஞ்சுண்டசாமி குழாயைத் திருகினார்; தண்ணீர் பாய்ந்தது. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. நாற்காலி நுனியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஸ்வாதியைப் பார்த்து அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

"என்ன அமைதியான மகு!" என்றார் கன்னடத்தில். மகு என்றால் குழந்தை. "எங்களுக்கு இந்த மாதிரிப் பிள்ளைகள் இருக்கிற குடும்பம்தான் வேண்டும். இந்தத் தெருவில் சத்தம் என்பதே கிடையாது."

நஞ்சுண்டசாமி பெருமையோடு மனைவியைப் பார்த்தார். மாதேவி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கொடியிலும் குழந்தைத் துணி இல்லை. கொடியே இல்லை; எல்லாரும் மாடியில் காயப்போடுகிறார்கள் போல. சாயங்காலத்துக்குள் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

"இதுக்கு மேல என்ன புள்ள வேணும்?" என்றார் நஞ்சுண்டசாமி.

"சரஸ்வதிபுரத்துல ஒண்ணு இருக்குதுன்னு சொன்னீங்களே, அதையும் பாத்துரலாமுங்க."

நகரத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, போகாதி என்ற ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். அது சரஸ்வதிபுரம் வழியாகப் போய் மானஸகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டிப் போகிற பஸ். நல்ல கூட்டம். பெண்களுக்கு முன் வாசல், ஆண்களுக்குப் பின் வாசல். மாதேவி மதனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். ஸ்வாதியை யாரோ ஒரு கல்லூரிப் பெண் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, ஸ்வாதி கூட்டத்துக்குள் நுழைந்து அப்பா பக்கம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அப்பாவிடம் போய்விட்டாள் என்று மாதேவி நினைத்தாள். பின்னால் நின்ற நஞ்சுண்டசாமிக்கோ ஸ்வாதி முன்னால் மடியில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான் கண்ணில் பட்டிருந்தது. நடுவில் யாரோ எழுந்த ஜன்னலோர இடத்தில் ஸ்வாதி ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கியது இரண்டு பேருக்கும் தெரியாது.

சரஸ்வதிபுரத்தில் மாதேவி முன் வாசலில் இறங்கினாள், அவர் பின் வாசலில் இறங்கினார். பஸ் புறப்பட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"புள்ள எங்க?"

"உங்ககூட வரலீங்களா?"

நஞ்சுண்டசாமி பஸ்ஸின் பின்னால் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றதுதான் மிச்சம். எதிரில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, கன்னடத்தில், "நீங்க ஆட்டோல பின்னாடியே போங்க சார். அம்மா இங்கேயே நிக்கட்டும். அதே பஸ்தான் திரும்பி வரும், எதிர்ப் பக்கம் நின்னாக் கண்டக்டரைப் பிடிச்சுக் கேக்கலாம்" என்றார். நஞ்சுண்டசாமி ஆட்டோவில் பாய்ந்தார். மாதேவி ரோட்டைத் தாண்டி நின்றாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. மதன் அவள் தாலிக்கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். அவள் மனம் முழுக்க ஒரே காட்சி: ஸ்வாதி பஸ்ஸில் எழுந்து நின்று "அம்மா" என்று கத்துகிறாள், எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், கண்டக்டர் விசில் அடிக்கிறார். கத்தியிருப்பாள். கத்தாமல் இருப்பாளா? அந்த வாயாடி!

பஸ் திரும்பி வந்தது. மாதேவி படியில் ஏறியே நின்றுகொண்டாள். தன் கன்னடத்தை எல்லாம் திரட்டி, "அஞ்சு வயசுப் பொண்ணு, பஸ்ஸிலேயே விட்டுவிட்டோம். பேர் கேட்டால் பேர் சொல்வாள், அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாம் சொல்வாள். நிறையப் பேசுவாள், வாயாடி…" என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

கண்டக்டர் உதட்டைப் பிதுக்கினார். "அந்த மாதிரிக் குழந்தை இல்லையேம்மா. ஒரு பொண்ணு தனியா இருந்தது நிஜம். ஆனால் அது வாய் பேசாத குழந்தை. எத்தனை பேர் கேட்டும் ஒரு சத்தம் வரவில்லை. ஸ்பீச் ஹியரிங்குக்கு வந்த குழந்தைதான், அங்கே இறக்கிவிட்டோம்."

அந்த வழியில் ஸ்பீச் ஹியரிங் என்றால் எல்லாருக்கும் தெரியும். காது கேளாத, பேச்சு வராத பிள்ளைகளைத் தேசத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ கொண்டுவருகிற பெரிய நிறுவனம். அந்த பஸ்ஸில் பேசாத குழந்தை ஒன்று இருந்தால் அது எங்கே இறங்கவேண்டியது என்பதில் யாருக்கும் சந்தேகமே வராது.

"எங்க பொண்ணு நல்லாப் பேசுவாள்" என்றாள் மாதேவி.

"அப்ப அது உங்களது இல்லை. டெப்போவில் சொல்லிப் பாருங்க" என்றார் அவர் அனுதாபத்தோடு. அவள் இறங்கினாள். விசில் ஊதினார்.

பஸ் பத்தடி நகர்ந்திருக்கும். எத்தனை பேர் கேட்டும் ஒரு சத்தம் வரவில்லை. யார் கேட்டாலும், என்ன கேட்டாலும்.

"நில்லுங்க! நிறுத்துங்க!" என்று மாதேவி கத்தினாள். தமிழில்தான் கத்தினாள். அது என்ன மொழி என்று நினைக்க அவளுக்கு நேரமில்லை. ரோட்டோரம் நின்ற இரண்டு பேர் பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினார்கள். பஸ் நின்றது. "அந்தப் பொண்ணு மஞ்சக் கவுனுங்களா? கனகாம்பரம் வெச்சிருந்துச்சுங்களா?"

கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். "மஞ்சள்தான். ஆனால் நீங்கதானேம்மா நல்லாப் பேசும்னு சொன்னீங்க?"

"பேசுவாளுங்க. நாங்கதான்… பேச வேண்டாம்னு…" அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "என்ன பெத்தவங்களோ!" என்றாள். கண்டக்டர் அந்த அம்மாளை முறைத்துவிட்டு, "லிங்கம்மா கையிலதான் கொடுத்தேன். அவங்க அந்த ஸ்டாப்பிலதான் இறங்கறாங்க, அவங்க வீட்டுல எல்லாம் அந்த மாதிரிப் பிள்ளைங்கதான். ஸ்பீச் ஹியரிங் கேட்டுக்கு எதிர்ச் சந்து. பயப்படாம போங்க" என்றார்.

அதே நேரத்தில் நஞ்சுண்டசாமியின் ஆட்டோ திரும்பி வந்தது. முகம் வெளுத்து, வெறும் கையோடு இறங்கினார். "கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன் புள்ள. ஒருத்தருக்கும் தெரியல. ஒரு ஊமைப் பொண்ணு நடுவுல எறங்குச்சாம். நம்மது இல்லன்னு வந்துட்டேன்."

"நம்மதுதானுங்க" என்றாள் மாதேவி.

அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். வேறொரு நாளாக இருந்தால் ஒரு வார்த்தை குத்தியிருப்பாள். அன்று தனக்கு அந்த உரிமை இல்லை என்று தோன்றியது. ஆட்டோவில் ஏறினார்கள்.

அந்தச் சந்து குறுகல். நிறுவனத்தின் மரங்கள் வெளியே சாய்ந்து நிழல் விழுந்திருந்தது. குறுக்கும் நெடுக்குமாகக் கொடிக்கயிறுகள், அவற்றில் கொத்துக் கொத்தாகச் சின்னச் சட்டைகளும் பாவாடைகளும். நடுநடுவே, தோளில் மாட்டிக்கொள்ளும் நாடாவோடு கூடிய சின்னத் துணிப் பைகளும் காய்ந்துகொண்டிருந்தன. காது மிஷினை வைத்து நெஞ்சில் கட்டிவிட அம்மாக்கள் தைக்கிற பை அது என்று பிற்பாடுதான் அவளுக்குத் தெரிந்தது.

லிங்கம்மாவின் வீட்டு முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். ஒரு பெண் அவர்களுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினாள். சத்தம் கேட்டதும் கையிலிருக்கும் மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும், அதுதான் ஆட்டம். வரிசையின் கடைசியில் மஞ்சள் கவுன். ஒவ்வொரு தட்டுக்கும் எல்லாருக்கும் முந்தி ஸ்வாதியின் மணி டங்கென்று விழுந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முகம் முழுக்கப் பெருமை.

மாதேவி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தாள். ஸ்வாதியின் கனகாம்பரத்தையும் மாதேவியின் மஞ்சள் தாலிக்கயிற்றையும் பார்த்தே தமிழ் என்று முடிவு கட்டிவிட்டாள் போலிருந்தது. "வாங்கோ, வாங்கோ. அழுவாதே கண்ணு. நான் லிங்கம்மா. உங்க மகுவா? நான் கேட் வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். இத பாருங்கோ, அவளுக்குக் காது சூப்பராக் கேக்குது. தட்டு தட்டினா டக்குனு திரும்பறா. காது கேட்டாப் போதும்லே, பேச்சு தன்னால வரும். ஒரு வருசம். நான் எத்தனை பிள்ளைங்களப் பாத்திருக்கேன்!"

அது எந்த ஊர்த் தமிழ் என்று விளங்காமல் மாதேவி அழுகையின் நடுவே ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஒரு வருசம் மெட்ராஸ் அம்மா, ஒரு வருசம் திருநெல்வேலி அம்மா இங்க வாடகைக்குக் குடியிருந்தாங்க. எல்லாம் கலந்து என் தமிழ்" என்றாள் லிங்கம்மா. "இப்ப பாலக்காட்டு சுஷ்மா இருக்கா. அதனால மலையாளமும் நுழைஞ்சிடுச்சு."

தட்டு வைத்திருந்த பெண்தான் சுஷ்மா. அவளும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "ஆமா சேச்சி, காதுக் கேள்வி நல்லா உண்டு. என் மோன் நிகிலுக்குப் பாதிச் சத்தம்தான் காதுல எத்தறது. உங்க மோள் சீக்கிரம் பேசும். அழுது கரைய வேண்டாம்."

ஸ்வாதி எழுந்து வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அப்பா பக்கம் திரும்பி, லேசாக ஒரு இருமல் இருமினாள்.

நஞ்சுண்டசாமி அவள் முன்னால் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "போதும் சாமி. ஆட்டம் முடிஞ்சுது. பேசு. நீ பேசு."

"எல்லாரும் இருக்கறாங்களே?" என்றாள் ஸ்வாதி அவர் காதில்.

"இருந்தா இருக்கட்டும். பேசு."

"நா ஒரு வார்த்தகூடப் பேசல! கண்டக்டரு கேட்டாரு, ஒரு தாத்தா கேட்டாரு, போலீஸ்ல உடட்டுமான்னு ஒருத்தரு கேட்டாரு, நா பேசவே இல்ல. எனக்கு அழுகாச்சி வந்துச்சு, சத்தம் இல்லாம அழுதேன். இந்த அத்தை முறுக்கு குடுத்தாங்க. எனக்கு இன்னிக்கி ரெண்டு மிட்டாய் வேணும். அம்மா, இவங்க பெட்டிக்குள்ள பாட்டு வருமா? எனக்கு ஏன் பெட்டி இல்ல?"

முற்றம் அப்படியே நின்றது. லிங்கம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. பெட்டி கட்டிய பிள்ளைகள், பெரியவர்கள் முகத்தைப் பார்த்து ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்து சிரித்தார்கள். சுஷ்மா ஸ்வாதியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மே! இத்தனையும் உள்ளே வச்சுக்கிட்டா இருந்தா இவ?" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். பொய்யில்லாத, வயிறு குலுங்கிய சிரிப்பு. அதனால்தான் மாதேவியால் தாங்க முடியவில்லை. பிள்ளை வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்று சொந்த ஊரை விட்டு வந்து, காலையிலிருந்து தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. வருகிற பேச்சை மிட்டாய் கொடுத்து அடைத்தவள் அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

மாதேவி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். இட்டிகேகூட்டு வீட்டை, பெரியப்பாவை, மிட்டாயை. லிங்கம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லிங்கம்மா முந்தானையால் ஸ்வாதியின் வாயோரம் ஒட்டியிருந்த முறுக்குத் துணுக்கைத் துடைத்தாள். "அந்தக் காவிரி வருசம் இங்க ரெண்டு தமிழ் அம்மா குடியிருந்தாங்க. அவங்களுக்கு வேண்டிய சாமானை நான் போய் வாங்கிட்டு வந்தேன். அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "காபி சாப்பிடறீங்களா?" என்றாள்.

காபி வந்தது. ஸ்வாதி மறுபடி ஆட்டத்துக்குப் போய்விட்டாள். இப்போது அவளே தட்டுக்காரி. நிகில் பின்பக்கம் திரும்பிப் பார்த்து ஏமாற்ற, "பாக்கப்படாது! திரும்பு!" என்று அதட்டினாள். அவன் அவள் கையசைப்பைப் புரிந்துகொண்டு திரும்பினான். மதன் தவழ்ந்து போய், அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற "பா, பா, பா"வைத் தானும் பிடித்துக்கொண்டான்.

முற்றத்தின் ஒரு பக்கத்தில் பூட்டியிருந்த கதவை மாதேவி பார்த்தாள். "அது காலியா இருக்குதுங்களா?"

"அந்தப் போர்ஷனா? காலிதான். போன மாசம் ஒரு ஒரிசாக்காரங்க ஊருக்குப் போனாங்க. ஒரு ரூம், ஒரு அடுப்படி. குளிக்க எல்லாருக்கும் ஒரே இடம்."

நஞ்சுண்டசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "இங்கயா புள்ள? விஜயநகர்ல அவ்வளவு பெரிய வூடு…"

"அந்தத் தெருவுல சத்தமே கிடையாதுன்னாரே, கேட்டீங்கல்ல?"

தட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அவர் எழுந்துபோய்ப் பூட்டிய கதவருகில் இருந்த குழாயைத் திருகினார். தண்ணீர் நூல் மாதிரி வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். மூடினார். பிறகு லிங்கம்மாவிடம் திரும்பி, மைசூரில் முன்பின் தெரியாத ஒருவரிடம் முதன்முதலாகத் தமிழில் கேட்டார்: "எங்களுக்கு வாடகைக்குத் தருவீங்களா?"

லிங்கம்மா யோசித்தாள். "ஸ்பீச் ஹியரிங்குக்கு வராத பேமிலிக்கு நான் கொடுக்கறதில்லைலே. வந்தவங்க ரெண்டு மாசத்துல ஓடிடறாங்க. விடியறதுக்குள்ள தட்டு, டமாரம், பா பா பா. இந்தச் சத்தத்துல யாரு இருப்பாங்க? உங்க மகுவுக்குச் சத்தம் ஆகுமா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்வாதி இரண்டு தட்டுகளைச் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தாள். முதலில் சிரித்தது சுஷ்மா, அப்புறம் லிங்கம்மா. "சரி, வாங்க. கறி சமைச்சா சமைச்சுக்கோங்க, எலும்பை என் சாக்கடையில போடக்கூடாது. அது ஒண்ணுதான் கண்டிஷன்."

ஜூனில் குடி வந்தார்கள். தண்ணீருக்காக நஞ்சுண்டசாமி இன்றும் முணுமுணுக்கிறார். விஜயநகர் வீட்டின் கிழக்கு வெளிச்சம் மாதேவிக்கே சில காலைகளில் நினைவுக்கு வரும். ஸ்வாதி கன்னடம் பழகினாள், நிகிலுக்காகக் கொஞ்சம் மலையாளமும் பழகினாள். நிகிலிடம் மலையாளம் மட்டும் பேசச் சொல்லி அவன் டீச்சர் உத்தரவு. அடுத்த வருஷம் அவன் தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை "தா". அன்று சந்து முழுக்கப் பாயசம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிற அம்மாக்களை இப்போது மாதேவிதான் நிறுவனத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்; கன்னடத்தில் கேட்டு, தமிழில் சொல்லி, பயத்தைக் கொஞ்சம் குறைக்கிறாள். படித்து என்ன தெரிந்துகொண்டாய் என்ற கேள்வி இன்னும் வரத்தான் செய்கிறது. முன்போல அடிக்கடி இல்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. சாயங்காலம் ஹனூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. மாதேவி இரண்டு பிள்ளைகளோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நஞ்சுண்டசாமி கூட்டத்தில் முட்டி மோதிக்கொண்டு வந்து ஜன்னல் வழியாகக் காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே மூன்று தேங்காய் மிட்டாய்.

"ரெண்டுதானே கேட்டேன்?" என்றாள் ஸ்வாதி.

"ஒண்ணு தம்பிக்கு. அவனுந்தான் இன்னிக்கிப் பேசிட்டான்ல, பா பான்னு."

ஸ்வாதி அதை ஒப்புக்கொண்டாள். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். நஞ்சுண்டசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஊர்க் காட்டில் நின்று கூப்பிடுகிற குரலில் சொன்னார்: "சாமி, ஊருக்குப் போற வரைக்கும் பேசிட்டே போ! அம்மா தூங்கிரப் போறா!"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மாதேவியின் கை, பழக்கத்தில், மகளின் வாய்ப் பக்கம் எழுந்தது. அப்படியே அவள் கனகாம்பரத்தைச் சரிசெய்துவிட்டு மடிக்கு இறங்கிவிட்டது.

"என்ன பேசறது?" என்று ஸ்வாதி கேட்டாள்.

"நீ பஸ்ஸுல தனியா இருந்தியே, அதுலேருந்து சொல்லு" என்றாள் மாதேவி. "ஒண்ணு விடாம சொல்லு."

பஸ் நகர்ந்தது. ஸ்வாதி மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.